முதலில் கிராண்ட், அப்புறம் அடுப்படி

அக்கா மகள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். 1980களில் கட்டிய தமான் (வீடமைப்புக் குடியிருப்பு), மாடி இல்லாத டெரஸ் வீடு, வரிசையில் நடு வீடு. கேட்ட விலை 160,000 வெள்ளி (ரிங்கிட்). கைபேசியில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள். வீட்டு முன்நடையான அஞ்சடியில் பச்சை மொசைக், சன்னலில் பூப்போட்ட இரும்புக் கம்பி, சாமி அறையில் புகை படிந்த சுவர். அடுப்படிப் படம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஓடுகள், பாதி பெயர்ந்த மேடை, கதவு தொங்கிப்போன அலமாரி. "மத்ததெல்லாம் பரவாயில்ல மாமா. இந்த அடுப்படியப் பார்த்தாத்தான் வேணாம்னு தோணுது" என்றாள்.

கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தைப், பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை.

பழைய வீடு வாங்கப் போகிற பலரும் இதே வரிசையில்தான் பார்க்கிறார்கள். அடுப்படி, குளியலறை, சாயம், தரை ஓடு என்று கண்ணில் முதலில் படுவதை வைத்து மனசு முடிவெடுத்துவிடுகிறது. ஆனால் கண்ணை உறுத்துகிற இவைதான் பணம் கொடுத்தால் மாறக்கூடியவை. சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் இருப்பவை அதைவிடச் செலவு வைக்கும். நில அலுவலகப் பதிவில் இருப்பதையோ சில சமயம் எந்தப் பணத்தாலும் மாற்ற முடியாது. ஆகவே பார்க்கும் வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதுதான் நான் அவளுக்குச் சொன்னது.

தோட்டத்துப் பட்டணங்களில் இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடு என்றைக்கும் நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை. அது நிர்வாகத்தின் வீடு. வேலை இருக்கும்வரை கூரை இருந்தது, வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1950களின் பிற்பகுதியில் பெரிய ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, பால்மரம் சீவியவர்களுக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. இதே சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்து அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க முனைந்தது அந்த நிலைமையைப் பார்த்துத்தான். பிறகு 1990இல் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுத்து ஒரு சட்டம் வந்தது. அது வீட்டின் தரத்தையும் தண்ணீர், மின்சார வசதியையும் பற்றிப் பேசியது. குடியிருப்பவருக்கு வீட்டைச் சொந்தமாக்கிக் கொடுக்கவில்லை.

இப்படி வந்த குடும்பங்களில் 'சொந்த வீடு' என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. அந்த ஏக்கத்தில் காகிதத்தைப் பார்க்காமல் கையில் இருந்ததைக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் பெரியப்பா அவர்களில் ஒருவர். தோட்டத்தை விட்டு வெளியேறியதும் பட்டணத்து ஓரத்தில் ஒரு பலகை வீட்டை வாங்கினார். விற்றவர் கைப்பட எழுதிக் கொடுத்த ஒரு தாள்தான் பத்திரம். நிலம் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் இருந்தது. அந்த உரிமம் அந்தந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் அவரோடு முடிந்துபோகும். விற்றவர் சில வருடங்களில் காலமாகிவிட்டார். பெரியப்பா சிமெண்ட் தரை போட்டு, கிணறு வெட்டி, கறிவேப்பிலை மரம் வைத்து வளர்த்த இடத்தை விட்டு ஒரு தம்பிடி இழப்பீடு இல்லாமல் வெளியேறினார். அந்த வீட்டில் பழுது என்று ஒன்றுமே இருந்ததில்லை.

சரி, கிராண்டில் என்ன பார்க்க வேண்டும்? நில அலுவலகத்தில் மனைப்பட்டா எண்ணைக் கொடுத்துச் சிறு கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் தேடல் விவரம் எடுக்கலாம். சுங்கை சிப்புட் வீடென்றால் கோலகங்சார் மாவட்டத்தில் சேரும். அந்த ஓரிரண்டு தாளில் நிலத்தின் உரிமையாளர் பெயர், அது நிரந்தர உரிமையா குத்தகையா, என்ன பயன்பாட்டுக்குக் கொடுத்த நிலம், வங்கி அடமானம் இருக்கிறதா, யாராவது தடையுரிமை (கைமாற்றத்தை நிறுத்திவைக்கும் பதிவு) போட்டிருக்கிறார்களா, மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய நிலமா என்பதெல்லாம் இருக்கும். கடைசியாகச் சொன்னது என்றால் நம்மால் பெயர் மாற்றவே முடியாது, பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

குத்தகை நிலம் என்றால் கணக்குப் போட வேண்டும். தேசிய நிலச் சட்டப்படி குத்தகை அதிகபட்சம் 99 ஆண்டு. அதற்குக் குறைவாகவும் கொடுத்திருப்பார்கள், 60 ஆண்டுக் குத்தகைகளும் உண்டு. 1984இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2083இல் முடியும். அதே ஆண்டில் தொடங்கிய 60 ஆண்டுக் குத்தகை 2044இலேயே முடிந்துவிடும். இரண்டு வீடுகளும் ஒரே தெருவில், ஒரே நிறச் சாயத்தில், ஒரே விலை சொல்லி நின்றாலும் வங்கி இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது. மிச்ச ஆண்டு குறையக் குறையக் கடன் கொடுக்கத் தயங்கும், கடன் காலத்தையும் சுருக்கும். நாளைக்கு நாம் விற்கப் போனால் வாங்குபவருக்கும் இதே கதைதான். குத்தகையை நீட்டிக்க மாநிலத்திடம் விண்ணப்பித்துப் பிரிமியம் கட்டலாம். ஆனால் அனுமதிப்பதும் மறுப்பதும் மாநிலத்தின் கையில் இருக்கிறது.

'உரிமைக் கட்டுப்பாடு' என்ற பகுதியையும் தவறாமல் படிக்க வேண்டும். மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் கைமாற்றக் கூடாது என்று பல வீடுகளுக்கு, குறிப்பாகக் குறைந்த விலை வீடுகளுக்கு, நிபந்தனை போட்டிருப்பார்கள். 1982இல் 25,000 வெள்ளி என்று விலை வரம்பு வைத்துக் கட்டிய வீடுகள் தோட்டத்துப் பட்டணங்களைச் சுற்றி நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்குவதானால் ஒப்புதல் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நம் ஊர்களில் அதிகம் நடப்பது. கிராண்டில் இருக்கும் பெயர் தாத்தாவுடையது. தாத்தா இறந்து பதினைந்து வருடம் ஆயிற்று. விற்க வந்திருப்பவர் மூன்றாவது மகன். அவர்தான் வரி கட்டுகிறார், அவரிடம்தான் சாவி இருக்கிறது, ஊரே அதை அவருடைய வீடு என்றுதான் சொல்கிறது. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லாது. உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்தை 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பிரிக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகள் எல்லாருக்குமாகச் சேர்த்து மூன்றில் இரண்டு. இறந்தவரின் பெற்றோரும் உயிரோடு இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால். மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. சிங்கப்பூரில் இருக்கிற அக்காவுக்கும், பேச்சுவார்த்தை அற்றுப்போன தம்பிக்கும் அதில் பங்கு உண்டு. இந்தப் பங்கீடு முறையாக முடிந்து, பெயர் மாறி அல்லது விற்கும் அதிகாரம் பெற்ற நிர்வாகி நியமனமாகி வரும்வரை அந்த மூன்றாவது மகனால் வீட்டை விற்க முடியாது. நல்ல மனிதராக இருக்கலாம், நம் சொந்தக்காரராகவும் இருக்கலாம். அதற்காக முன்பணத்தை அவர் கையில் கொடுக்கக் கூடாது. வழக்கறிஞர் பொறுப்பில் வைத்து, உரிமை தெளிவானால்தான் பணம் போகும் என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

காகிதம் சுத்தம் என்று தெரிந்தபிறகு வீட்டுக்குப் போவோம். முடிந்தால் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள். தீபகற்பத்தின் மேற்குப் பக்க உள்நாட்டில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை கொட்டும். வெயில் நாளில் பத்து முறை பார்ப்பதைவிட அப்போது ஒருமுறை பார்ப்பது மேல். சீலிங்கில் பழுப்பு வளையம் இருக்கிறதா, சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டத்தில் கறை ஓடுகிறதா, பின்சாக்கடையில் தண்ணீர் இறங்குகிறதா, நிற்கிறதா என்று பாருங்கள். முழங்கால் உயரக் கோட்டுக்கு அர்த்தம் வெள்ளம். புதுச் சாயம் அதை மறைத்திருக்கும். எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேட்டால் எந்த வருடம் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று அவர் சொல்லிவிடுவார்.

கூரையைப் பற்றி இரண்டு விஷயம். ஓட்டுக்கு அடியில் இருக்கும் மரச்சட்டம்தான் கூரையின் உயிர். சீலிங் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தெருவில் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும்போது கூரையின் மேல்விளிம்பு நடுவில் தொய்ந்து தெரிந்தால் சட்டம் தளர்ந்திருக்கிறது. இரண்டாவது, அந்தக் காலத்து நெளிவுத் தகடுகளிலும் சில சீலிங் பலகைகளிலும் கல்நார் கலந்திருக்கும். உடையாமல் கிடக்கும்வரை அதனால் பெரிய ஆபத்து இல்லை. காய்ந்த தகட்டை அறுத்து, துளையிட்டு, உடைத்து எடுக்கும்போது பறக்கும் இழைகள்தான் நுரையீரலுக்குள் போய்ப் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியவை. மலிவாக வேலை செய்ய வருபவர்கள் சுத்தியலால் அடித்து உடைத்துக் கீழே தள்ளுவார்கள், பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். தகட்டை நனைத்து, முழுசாகக் கழற்றி, கட்டிப்போட்டு அப்புறப்படுத்தத் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். செலவு கூடும். கூடட்டும்.

பழைய டெரஸ் வீடுகளில் அடுப்படியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். என் அக்கா மகள் பார்த்த வீட்டிலும் அப்படித்தான். வீட்டின் மூலக் கட்டடம் ஒரு அஸ்திவாரத்தில் நிற்கும், இழுத்துக் கட்டிய பகுதி ஆழமில்லாத இன்னொன்றில் நிற்கும். மண் இறங்கும்போது இரண்டும் ஒரே அளவில் இறங்காது. அதனால் இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழே ஒரு விரிசல் ஓடும். தலைமுடி கனத்தில் இருந்து, வருடக்கணக்காக வளராமல் நின்றிருந்தால் பூசிவிடலாம். ஒரு காசு நுழையும் அளவு இருந்தால், தரையும் பின்பக்கம் சரிந்திருந்தால், புது ஓடு ஒட்டுவதில் பயனில்லை. அதுவும் சேர்ந்து வெடிக்கும். பக்கத்து நகரமான ஈப்போவைச் சுற்றிப் பழைய ஈயலம்ப (ஈயச் சுரங்க) நிலங்களில் எழுந்த தமான்களில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இழுத்துக் கட்டியதற்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி இருக்கிறதா என்பதும் முக்கியம். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அதற்கு அங்கீகரித்த வரைபடம் வேண்டும். அனுமதி இல்லாத பகுதியை வங்கியின் மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம். நீங்கள் வாங்கியபிறகு அதைச் சரிசெய்யும் பொறுப்பும் உங்கள் தலையில் வரும்.

மின்சாரத்துக்கு வருவோம். பீங்கான் ஃபியூஸ் இருக்கும் பழைய பெட்டியைக் கண்டால் வீடு முழுக்கப் புதுக் கம்பி போட வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த வீடு கட்டிய காலத்தில் நாலு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு டிவி. இன்றைக்கு இரண்டு ஏர்கான், சுடுநீர்க் கருவி, துணி துவைக்கும் இயந்திரம். 1994ஆம் ஆண்டு மின்சார விதிகள் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைக் கட்டாயமாக்கி, தரை ஈரமாக இருக்கும் இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் அளவில் துண்டிக்கும் கருவி வேண்டும் என்கின்றன. குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு அதுதான் உயிர்க் காப்பு. நாம் இ.எல்.சி.பி. என்று சொல்லும் அந்த சுவிட்சின் சோதனைப் பொத்தானை வீடு பார்க்கும்போதே அழுத்திப் பாருங்கள். துண்டிக்கவில்லை என்றால் அந்த வீட்டில் யாரும் குளிக்கக் கூடாது. கம்பி மாற்றும் வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும்.

குழாயைத் திறந்து முதலில் வரும் தண்ணீரை வெள்ளைக் குவளையில் பிடித்தால் போதும். துரு நிறம் இருந்தால் உள்ளே இரும்புக் குழாய்.

கரையானைப் பற்றித் தோட்டத்துக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உயிருள்ள பால்மரத்தையும் செம்பனையையும் தின்கிற கரையானும், வீட்டு நிலைக்கதவைத் தின்கிற கரையானும் ஒரே இனக்குழு. கதவு நிலையின் அடிப்பக்கத்தை நகத்தால் தட்டுங்கள், கூடாகச் சத்தம் வந்தால் வெளியே இருப்பது சாயம் மட்டும்தான்.

இவ்வளவையும் வாங்குவதற்கு முன்னால் பார்க்கச் சொல்வதற்குச் சட்டக் காரணமும் உண்டு. வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கினால் சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதம் பழுதுகளை அவர் சரிசெய்து தர வேண்டும். கைமாறும் வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 'இருக்கிறபடியே' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். கையெழுத்து விழுந்தபிறகு கண்டுபிடிக்கும் ஓட்டையெல்லாம் உங்கள் ஓட்டை.

இனிப் பணம். பழைய வீடு மலிவு என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் பலரை மடக்குகிறது. 160,000 வெள்ளி வீட்டுக்கு வங்கி 90 விழுக்காடு கொடுத்தால் 144,000. மீதி 16,000 கையிலிருந்து. பெயர் மாற்ற முத்திரை வரி முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 2 விழுக்காடு என்ற கணக்கில் 2,200. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 720. வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு வீதம் விற்பனை ஒப்பந்தத்துக்கு 2,000, கடன் ஒப்பந்தத்துக்கு 1,800. ஒரு சுத்தியல் அடிக்கும் முன்பே 22,720 வெள்ளி. முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு 500,000 வெள்ளி வரையிலான வீட்டில் இந்த முத்திரை வரிகளுக்கு விலக்கு கொடுத்து வருகிறார்கள். கையெழுத்துப் போடும் தேதியில் அது நடப்பில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மதிப்பீட்டாளர் வீட்டை இப்போது இருக்கிற நிலையில்தான் மதிப்பார். அவர் 150,000 என்று எழுதிவிட்டால் கடன் 135,000தான். கையிலிருந்து போட வேண்டியது 16,000இலிருந்து 25,000 ஆகிவிடும். அதற்கு மேல் கூரை, கம்பி, குழாய் வேலைகளுக்கான பணமும் வீட்டுக் கடனில் வராது. ஊழியர் சேமநிதியில் முன்பு இரண்டாம் கணக்கு என்றிருந்து, 2024 மே முதல் செஜாத்ரா கணக்கு என்று மாறியிருக்கும் பகுதியிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். இருக்கிற வீட்டைப் புதுப்பிக்க எடுக்க முடியாது. மேலும் ஒப்பந்தத்தில் கையெழுத்தானபிறகுதான் விண்ணப்பமே போடலாம், ஆக முன்பணம் முதலில் நம் கையிலிருந்துதான் போக வேண்டும். பழுதுபார்க்கும் பணத்துக்குத் தனிநபர் கடன், கிரெடிட் கார்டு என்று போனால் மாதத் தவணை இரண்டாகும். என் கருத்து இதுதான்: கூரை, மின்சாரம், குழாய் மூன்றுக்கும் ரொக்கம் தனியாக இல்லையென்றால், காகிதம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த வீட்டை விட்டுவிடலாம். அடுப்படிக்குப் பணம் இல்லையென்பதற்காக விட வேண்டியதில்லை. எரிவாயு அடுப்பை ஒரு மேசையில் வைத்து இரண்டு வருடம் சமைக்கலாம். நம் அம்மாக்கள் அதைவிடக் குறுகிய இடத்தில்தான் சமைத்தார்கள்.

அப்புறம் ஊரின் நிலைமை. ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான், வேலைக்குப் போய் வரலாம், தமிழ்ப்பள்ளி இருக்கிறது, கோயில் இருக்கிறது. வாழ நல்ல ஊர். ஆனால் பிள்ளைகள் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருக்கும் ஊரில் வீட்டு விலை வேகமாக ஏறாது. 80,000 வெள்ளி போட்டு அலங்கரித்தால் விற்கும்போது அது திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடியிருக்க வாங்குபவருக்குப் பழைய வீடு பொருந்தும், வயதான பெற்றோருக்குப் படி ஏறாத வீடு வேண்டும் என்றால் இன்னும் பொருந்தும். ஐந்து வருடத்தில் விற்றுவிட்டுப் போகிற எண்ணம் இருப்பவர்கள் வாடகைக்கு இருப்பதே நல்லது.

அக்கா மகள் தேடல் விவரம் எடுத்தாள். நிரந்தர உரிமை நிலம், அடமானம் தீர்ந்திருக்கிறது. பெயர் மட்டும் 2011இல் இறந்துபோன ஒரு பெரியவருடையது. வாரிசுகள் ஐந்து பேர், நான்கு பேர் சம்மதம் சொல்லிவிட்டார்கள், ஒருவர் இன்னும் பதில் சொல்லவில்லை. முன்பணம் கொடுக்காமல், பங்கீட்டு உத்தரவு வந்ததும் தன்னை முதலில் அழைக்கும்படி கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதுவரை மாதம் 800 வெள்ளி தனிக் கணக்கில் போடுகிறாள். போன வாரம் பெரிய மழை பெய்த மறுநாள் அந்த வீட்டுக்குப் போய் சீலிங் மூடியைத் திறந்து பார்த்துப் படம் அனுப்பினாள். மரச்சட்டம் காய்ந்துதான் இருக்கிறது. பின்பக்க மூலையில் ஒரு ஓடு விலகி, அந்த வழியாக வெளிச்சம் வருகிறது.